பீன்ஸ் மொறுமொறுவென்று வர ஏர் ஃப்ரையரா, எண்ணெய்ச் சட்டியா, இரும்புக் கல்லா?

பீன்ஸை மொறுமொறுவென்று வறுக்க ஏர் ஃப்ரையர் போதுமா, எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றியே ஆக வேண்டுமா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை சொல்பவர்கள், எந்த மொறுமொறுப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். தோல் சுருங்கி, ஆங்காங்கே கருகி, உள்ளே சற்றுப் பச்சை மணத்தோடு நறுக்கென்று கடிபடும் வெறும் பீன்ஸ் ஒரு வகை. மாவு பூசிப் பக்கோடாவைப் போலப் பொரிந்து, கடிக்கும்போது சத்தம் கேட்கும் பீன்ஸ் இன்னொரு வகை. முதல் வகையில் ஏர் ஃப்ரையர் எண்ணெய்ச் சட்டியை மிஞ்சும். இரண்டாம் வகையில் நெருங்கி வருமே தவிர எட்டாது. இவ்விரண்டுக்கும் நடுவே, சேலத்துக்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் குச்சிக்கிழங்கு (மரவள்ளிக்கிழங்கு) மாவைக் கொண்டு ஒரு வழி இருக்கிறது. இந்த அலசலில் அதற்கே அதிக இடம் தருகிறேன்.

பச்சை பீன்ஸின் எடையில் ஏறத்தாழ 90 சதவீதம் தண்ணீர். எந்தக் கருவியில் வறுத்தாலும் நடக்க வேண்டியது ஒன்றுதான்: மேற்பரப்பிலுள்ள தண்ணீர் விரைந்து ஆவியாகி, உள்ளேயிருக்கும் ஈரம் வெளியே வந்து சேர்வதற்குள் தோலோ மாவோ காய்ந்து இறுகிவிட வேண்டும். ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது; காய் சிவப்பதும் வறுபட்ட மணம் எழுவதும் ஏறக்குறைய 140 டிகிரிக்கு மேல்தான் வேகம் பிடிக்கும். ஆகவே கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, காயைத் தேர்ந்தெடுப்பதிலும் உலர்த்துவதிலும் பாதிப் பலன் தீர்மானமாகிவிடுகிறது. சூரமங்கலம் உழவர் சந்தையானாலும் தெருமுனைக் காய்கறிக் கடையானாலும், விதை முட்டிக்கொண்டு நிற்கும் முற்றல் காயை விட்டுவிட்டு, ஒடித்தால் பட்டென்று ஒடியும் மெல்லிய பிஞ்சாகப் பார்த்து எடுக்க வேண்டும். கழுவிய காயைத் துண்டில் பரப்பி, மின்விசிறிக்கடியில் அரை மணி நேரம் உலர விடுவது அவசியம். காம்பையும் நாரையும் மட்டும் நீக்கிவிட்டு முழுதாகவே வைத்துக்கொள்வது நல்லது. பொரியலுக்கு அரிவதுபோலப் பொடியாக அரிந்தால் வெட்டுவாய்கள் வழியே ஈரமெல்லாம் போய்க் காய் வறண்டு, நார்தான் மிஞ்சும்.

ஏர் ஃப்ரையர் என்ற பெயரில் வறுவல் இருந்தாலும், 2010-இல் பிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய நாளிலிருந்து அது செய்யும் வேலை, மேலே இருக்கும் கம்பிச்சுருளின் வெப்பத்தை விசிறியால் கீழே செலுத்தும் சிற்றடுப்பின் வேலைதான். ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் எண்ணெய் காய்க்குக் கொடுக்கும் வெப்பம் காற்று கொடுப்பதைவிடப் பல மடங்கு வேகமானது. காயின் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் தொட்டுக்கொண்டிருப்பதும் எண்ணெய்தான். காற்றோ, கூடையில் காய் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால் அடியிலிருப்பதை எட்டாமல் போய்விடுகிறது. நான்கு லிட்டர் கூடையில் கால் கிலோ பீன்ஸைத்தான் ஒற்றை அடுக்காகப் பரப்ப முடியும். அதற்கு மேல் அள்ளிப் போட்டால் காய் தன் ஆவியிலேயே வெந்துபோகும். "ஏர் ஃப்ரையரில் எதுவும் மொறுமொறுப்பாவதில்லை" என்ற குறையில் பெரும்பகுதி இந்த அளவு மீறலால் வருவது என்பது என் உறுதியான கருத்து.

வெறும் பீன்ஸை முதலில் எடுத்துக்கொள்வோம். உலர்ந்த கால் கிலோ காயில் இரண்டு தேக்கரண்டி கடலெண்ணெயைக் கையால் பிசறி, 190 டிகிரியில் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம் வைத்து, நடுவில் இருமுறை கூடையைக் குலுக்கினால் தோல் சுருங்கி நுனிகள் சிவந்துவிடும். உப்பை முன்னதாகப் போட்டால் அது ஈரத்தை வெளியே இழுத்துவிடும் என்பதால் இறக்கிய பிறகே தூவ வேண்டும். கறிவேப்பிலையைக் கடைசி இரண்டு நிமிடத்தில், எண்ணெய் தொட்டு, காய்க்கு அடியில் செருகி வைக்க வேண்டும். மேலே கிடந்தால் விசிறிக் காற்று அதைத் தூக்கிக் கம்பிச்சுருளில் ஒட்டவைத்துக் கருக்கிவிடும். இதே காயைச் சட்டி நிறைய எண்ணெயில் போட்டால் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஈரம் வெடித்துத் தெறிக்கிறது. மூன்று நிமிடத்தில் தோல் சுருங்குகிறது. ஆனால் அந்தச் சுருக்கங்களிலெல்லாம் எண்ணெய் புகுந்து நின்றுவிடுகிறது, காகிதத்தில் வடித்தாலும் முழுதாக இறங்குவதில்லை. பூண்டும் மிளகாயும் போட்டுப் பிரட்டும் சீனத்துச் சமையலுக்கு அந்த எண்ணெய்ப் பசை பொருந்தலாம். ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள எனக்கு ஏர் ஃப்ரையர் பீன்ஸே மேலானது.

மாவு பூசிய பீன்ஸில்தான் போட்டி கடுமையாகிறது. பஜ்ஜி மாவுபோலக் கரைத்த மாவில் தோய்ப்பதென்றால், வேறு பேச்சுக்கு இடமில்லை: எண்ணெய்ச் சட்டிதான். 170, 180 டிகிரி எண்ணெயில் விழுந்த நொடியிலேயே கரைத்த மாவு இறுகிக் கூடாகிவிடுகிறது. ஏர் ஃப்ரையரில் அது இறுகுவதற்கு முன்பே கூடையின் துளைகள் வழியே வழிந்து, அடித்தட்டில் வேகாத அடையாகக் கிடக்கும். கடலை மாவை உலர்வாகத் தூவினாலும் பயனில்லை. எண்ணெயில் அது கொடுக்கும் மணம் காற்றில் வருவதில்லை, பச்சை வாடையோடு தூளாகவே நிற்கிறது.

உலர் மாவு முறைக்கு வந்தால், குச்சிக்கிழங்கு மாவின் இயல்பைத் தெரிந்துகொள்வது பயன் தரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இறக்குமதி தடைபட்டபோது சேலத்தில் வேரூன்றிய ஜவ்வரிசி, ஸ்டார்ச் தொழில், 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் உருவாகும் அளவுக்கு வளர்ந்தது; ஆனாலும் நம்மில் பலர் அந்த மாவைச் சமையலுக்கு எடுப்பதே இல்லை, வெளியூர்ச் சமையல் குறிப்பில் இருக்கிறதென்று சோள மாவை (கார்ன்ஃப்ளார்) தேடிப் போகிறோம். இரண்டும் ஸ்டார்ச்தான் என்றாலும் அவை நடந்துகொள்ளும் விதம் வேறு. அமைலோஸ் என்ற கூறு சோள மாவில் கால் பங்கு அளவுக்கு இருக்கிறது, கிழங்கு மாவிலோ அது ஆறில் ஒரு பங்குதான். அதனால் கிழங்கு மாவு குறைந்த வெப்பத்திலேயே வெந்து, மெல்லிய, தெளிவான படலமாகக் காயைப் பற்றிக்கொள்கிறது. அதன் குறை, தனியாகப் பூசினால் ஆறியதும் சற்று இழுபடத் தொடங்கும் என்பது. இரண்டு பங்கு கிழங்கு மாவுக்கு ஒரு பங்கு அரிசி மாவு சேர்த்தால் அந்தக் குறை நீங்குகிறது. பற்றிக்கொள்ளும் வேலையைக் கிழங்கு மாவும் நொறுங்கும் வேலையை அரிசி மாவும் ஏற்றுக்கொள்கின்றன.

இங்கே பலரும் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. ஸ்டார்ச் தண்ணீரோடு சேர்ந்து வெந்து, அதன்பின் காய்ந்தால்தான் மொறுமொறுப்பு வரும். உலர்ந்த மாவு உலர்ந்தபடியே சூடானால் வெள்ளைத் தூளாகவே மிஞ்சும். எண்ணெய்ச் சட்டியில் காயின் ஆவி வேகமாக வெளியேறும்போது மாவு அந்த ஈரத்தை எடுத்துக்கொள்கிறது, ஏர் ஃப்ரையரில் அந்த வாய்ப்பு குறைவு. எனவே வெறும் பீன்ஸுக்கு எவ்வளவு உலர்வு வேண்டுமோ, மாவு பூசும் பீன்ஸுக்கு அவ்வளவுக்கு மேற்பரப்பில் சிறு ஈரம் வேண்டும். கால் கிலோ காயில் ஒரு மேசைக்கரண்டி மோரோ எலுமிச்சைச் சாறோ தெளித்து, உப்பும் மிளகாய்த்தூளும் அதிலேயே கலந்து, மூன்று மேசைக்கரண்டி கலவை மாவைத் தூவிப் பிசறி, வெள்ளைத் தூள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மாவு ஈரத்தை இழுக்கும்வரை ஐந்தாறு நிமிடம் விட்டுவிட வேண்டும். பிறகு ஒரு மேசைக்கரண்டி கடலெண்ணெயைப் படும்படி பிசறி, முன்பே சூடேறிய கூடையில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, 180 டிகிரியில் பன்னிரண்டு முதல் பதினான்கு நிமிடம் வைக்கலாம். முதல் ஆறு நிமிடம் குலுக்கக் கூடாது. படலம் இறுகுவதற்கு முன் குலுக்கினால் மாவு கூடையோடு போய்விடும். இப்படி வரும் பீன்ஸ் எண்ணெயில் பொரித்ததற்குச் சமம் என்று நான் சொல்ல மாட்டேன். கூடு மெல்லியது, சத்தமும் குறைவு. ஆனால் காயின் ருசி எண்ணெயில் மூழ்காமல் முன்னே நிற்கிறது, மதிய வெயிலிலும் நெஞ்சைக் கரிப்பதில்லை.

இரும்புத் தோசைக்கல்லை இந்தப் போட்டியில் விட்டுவிடுவது நியாயமாகாது. நன்றாகக் காய்ந்த கல்லில் ஒரு கைப்பிடி பீன்ஸைப் பரப்பி, அசைக்காமல் விட்டுவிட்டால், கல் தொட்ட இடத்தில் மட்டும் ஆழமாகக் கருகி எழும் மணத்தை மற்ற இரண்டும் தருவதில்லை. ஆனால் அது கருகிய மணமே ஒழிய மொறுமொறுப்பு அன்று. பக்கத்தில் நின்று புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும், நான்கு பேருக்கு மேல் செய்ய இயலாது. ஓ.டி.ஜி. எனப்படும் மின்சார பேக்கிங் அடுப்பில் அரைக் கிலோவை ஒரே தட்டில் பரப்பலாம் என்பது லாபம், ஆனால் முன்சூட்டோடு அரை மணி நேரம் ஆகிவிடும்.

செலவை ஒப்பிட்டால், 1,500 வாட் ஏர் ஃப்ரையர் இடைவிடாமல் எரிந்தாலும் கால் மணி நேரத்துக்கு ஆகும் மின்சாரம் 0.375 யூனிட்தான். எண்ணெய்ச் சட்டியின் உண்மையான செலவு மிச்ச எண்ணெயில் இருக்கிறது. மாவுத் துகள் விழுந்து கருகிய எண்ணெய் விரைவில் கெடும்; உணவு விற்போர் பயன்படுத்தும் எண்ணெயில், அது கெடக் கெடக் கூடும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018-இலிருந்து விதி இருக்கிறது, வீட்டிலோ அதை அளக்க வழியில்லை. கால் கிலோ பீன்ஸுக்காக அரை லிட்டர் எண்ணெய் காய்ச்சுவது எனக்கு உடன்பாடில்லை. விருந்தினர் பத்துப் பேர் வரும் நாளில், வடையும் அப்பளமும் பொரியும் அதே எண்ணெயில் பீன்ஸும் பொரியட்டும். அன்று ஏர் ஃப்ரையரில் ஐந்து தடவை போட்டு எடுப்பதற்குள் முதலில் எடுத்தது தளர்ந்துவிடும்.

தளர்வதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அதிலும் ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், பனிமூட்டம் இறங்கும் மாதங்களில், காற்றின் ஈரத்தை மாவு வேகமாக இழுத்துக்கொள்கிறது. சேலம் டவுனில் கால் மணி நேரம் நிற்கும் மொறுமொறுப்பு அங்கே அதில் பாதி நேரம் நின்றாலே அதிகம். மூடிபோட்ட டப்பாவில் வைக்காமல் கம்பித் தட்டில் பரப்ப வேண்டும். சேலத்துத் தெருவோரத் தின்பண்டமான தட்டுவடை செட்டுக்குரிய காரச் சட்னியைப் பக்கத்தில் வைத்துத் தொட்டுக்கொள்ளலாமே தவிர மேலே ஊற்றக் கூடாது. எண்ணெயில் பொரித்தது இந்த ஈரத்தில் சற்றுக் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மலையில் இன்னொரு கணக்கும் உண்டு. கம்பிச்சுருளின் ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், 230 வோல்ட் 200 ஆகக் குறைந்தால் 1,500 வாட் கருவி சுமார் 1,130 வாட்டில்தான் இயங்கும். மின்னழுத்தம் குறையும் மாலை வேளையில் கருவியைக் காலியாக ஐந்து நிமிடம் ஓடவிட்டு, குறிப்பிலுள்ள நேரத்துக்கு மேல் இரண்டு மூன்று நிமிடம் கூட்டி, நிறத்தைப் பார்த்தே எடுக்க வேண்டும். எந்த ஊரானாலும் இதைச் சிறிய பிளக்கில் செருகக் கூடாது. ஆறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும் கருவிக்கு 16 ஆம்பியர் பவர் பிளக்தான் பாதுகாப்பு.