கல்யாண ரிசப்ஷனுக்கு "பழைய பாட்டு ரீமிக்ஸ்" புக் பண்ணப் போறீங்களா, அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி இதப் படிங்க

கும்பகோணம், பாபநாசம், மன்னார்குடி, திருவாரூர் சைடுல கல்யாணம் வச்சிருக்கவங்களுக்காகத்தான் எழுதுறேன். பழைய பாட்டுங்கள புது டான்ஸ் பீட்டுல உங்களுக்குன்னே ரீமிக்ஸ் பண்ணித் தர்றோம், மணமக்கள் பேரு கூட பாட்டுலயே வரும்னு சொல்லி ஒரு டிஜே பார்ட்டி எங்க தங்கச்சி கல்யாணத்துல எங்கள நல்லா ஏமாத்திட்டாங்க. கேஸ் நடக்கப் போறதால பேரு போட வேண்டாம்னு வக்கீல் சொல்லியிருக்காரு, அதனால பேரு போடல, ஆனா நடந்தது எல்லாத்தையும் சொல்றேன். இதே வேலைய வேற வேற பேருல நிறைய பேரு செய்றாங்கன்னு இப்ப விசாரிக்கும்போதுதான் தெரியுது.

எதுக்கு ரீமிக்ஸ்னு கேப்பீங்க. எங்க சித்தப்பா எண்பதுகள்ல சிங்கப்பூர்ல இருந்தவரு, லீவுக்கு வரும்போது ஒரு நேஷனல் பானாசோனிக் டேப் ரெக்கார்டரும் போனி எம், அபா கேசட்டும் கொண்டாந்தாரு, எங்க தெருவுல இங்கிலீஷ் டிஸ்கோ பாட்டுன்னா என்னன்னு முதல்ல தெரிஞ்சதே அந்தத் திண்ணையிலதான். அம்மாவுக்கும் அத்தைங்களுக்கும் இலங்கை வானொலில கேட்ட டிஎம்எஸ், சுசீலா பாட்டுன்னா உசிரு. ரிசப்ஷன்ல சின்னப் பசங்களும் ஆடணும், இவங்களும் உட்கார்ந்த எடத்துல இருந்து எழுந்து வரணும்னா ரெண்டு தலைமுறைக்கும் பொதுவா ஒரு பாட்டு வேணும், அதுக்கு நல்ல ரீமிக்ஸ விட்டா வேற எதுவும் கெடையாதுன்னு நான் இன்னிக்கும் நம்புறேன்.

பேசுன ரேட்டு இதுதான். ஒரு பாட்டுக்கு 2,500 ரூபா, எட்டு பாட்டு, 20,000. டிஜே செட்டு, டாப்பு, பேஸு ஸ்பீக்கருங்க, லைட்டு, ஆபரேட்டர் எல்லாம் சேர்த்து 35,000. அதுக்கு மேல "காப்பிரைட் லைசென்ஸ் கட்டணம்"னு ஒரு 6,000, இது கட்டலைன்னா மண்டபத்துக்கே வந்து பாட்ட நிறுத்துவாங்க, போலீஸ் கேஸ் ஆயிடும்னு பயமுறுத்தி வாங்குனாங்க. மொத்தம் 61,000. சம்பா நெல்லு கொள்முதல் நிலையத்துல போட்டு வந்த காசுலேர்ந்து அப்பா எண்ணிக் குடுத்தது.

சாம்பிள் கேட்டோம். மறுநாளே அந்த டிஜே வாட்ஸ்அப்ல போனி எம்மோட ரஸ்புடின் பாட்டு ரீமிக்ஸ் ஒண்ணு அனுப்பி "இது நம்ம ஸ்டூடியோவுல பண்ணுனதுண்ணே, முழுக்க என் கையால"ன்னு வாய்ஸ் மெசேஜ் போட்டான். கேட்டா அருமையா இருந்துச்சு. சித்தப்பா அழுதுட்டாரு, உண்மையாவே கண்ணு கலங்கிருச்சு. அது 1978ல வந்த பாட்டு. அதுக்கு 2021ல மஜெஸ்டிக்னு ஒரு பிரிட்டிஷ் டிஜே முறைப்படி பண்ணுன ரீமிக்ஸ்தான் இவன் அனுப்புனது, அங்க சார்ட்டுல வந்த பாட்டு, உலகம் பூரா ரீல்ஸ்ல ஓடுனது. அடுத்தவன் உழைப்ப எடுத்து தன்னோடதுன்னு காட்டித்தான் எங்ககிட்ட அட்வான்ஸே வாங்கியிருக்கான்.

எட்டு பாட்டையும் முன்கூட்டியே அனுப்புப்பான்னு எத்தனையோ தடவ கேட்டாச்சு. "முன்னாடி குடுத்தா லீக் ஆயிடும்ணே, சர்ப்ரைஸ் போயிடும், ஸ்டேஜ்ல கேளுங்க"ன்னே சொல்லிட்டு இருந்தான். பேலன்ஸையும் ரிசப்ஷன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஜிபேல போட்டாத்தான் லேப்டாப்ப ஓப்பன் பண்ணுவேன்னு நின்னான். பொண்ணு மாப்பிள்ளை மேடைல நிக்கிறாங்க, சம்பந்தி வீட்டுக்காரங்க முன்வரிசைல உட்கார்ந்திருக்காங்க, அந்த நேரத்துல யாரு சண்டை போடுவா?

முதல் பாட்டு டிஎம்எஸ் பாட்டு. ஆரம்பிச்ச உடனே தெரிஞ்சுபோச்சு, குரலு அவரு குரலே இல்ல, சின்னப் பையன் பாடுறாப்ல மேல ஏறிக் கெடக்கு, தண்ணிக்குள்ள முங்கிட்டுப் பாடுற மாதிரி சலசலன்னு ஒரு சத்தம் வேற. பல்லவி வரைக்கும் எப்படியோ ஓடுச்சு. சரணத்துக்குப் போனதும் பாட்டோட தபேலா ஒரு பக்கம் போவுது, இவன் போட்ட அடி ஒரு பக்கம் போவுது, ஆடிட்டு இருந்த பசங்க கால வைக்கத் தெரியாம நின்னுட்டாங்க. மாப்பிள்ளை அழைப்புக்கு வாசிச்ச தவில்காரர் பந்தி முடிச்சிட்டு கைய தொடச்சிக்கிட்டே வந்து நின்னாரு, ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு எங்கிட்ட, "தம்பி, பாட்டு ஒரு காலப்பிரமாணம், அடி ஒரு காலப்பிரமாணம், சேரவே சேராது, நிறுத்தச் சொல்லுங்க"ன்னாரு, அதாவது ரெண்டும் வேற வேற வேகம். பக்கத்துல நாதஸ்வரக்காரர், "சுருதியும் மத்யமத்துக்குப் போயிருச்சுங்க தம்பி, அந்த மனுஷன் பாடுனது அங்க இல்ல"ன்னாரு. நம்ம ஊருல இவங்க காதுக்கு முன்னாடி எத ஏமாத்த முடியும்!

அப்புறம் நடந்ததுதான் இன்னும் ஆறல. மூணாவது பாட்டு நடுவுல "மணமக்கள்"னு ஒரு குரலு சத்தமா வந்துச்சு, எல்லாரும் தங்கச்சி பேருதான் வரும்னு பாக்குறாங்க, வேற ஒரு பொண்ணு பேரும் வேற ஒரு மாப்பிள்ளை பேரும் வருது. எவன் கல்யாணத்துக்கோ பண்ணுன பாட்ட அப்படியே தூக்கிப் போட்டிருக்கான், அந்த எடத்தக்கூட வெட்டல. மண்டபத்துல ஒருத்தரும் பேசல. தங்கச்சி முகம் போன போக்க நான் இங்க எழுத விரும்பல. மாப்பிள்ளையோட பாட்டி அபசகுனம்னு முணுமுணுத்தத எங்க அம்மா கேட்டுட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் அத நெனச்சு நெனச்சு வருத்தப்படுறாங்க. நான் போயி பென்டிரைவ பிடுங்கிட்டேன், அந்த ஒண்ணு செஞ்சதுதான் இப்ப சாட்சியா கையில இருக்கு.

அந்த பென்டிரைவ வச்சு சவுண்ட் இன்ஜினியரிங் படிச்ச ஒரு தம்பிகிட்ட காமிச்சேன். அவன் சொன்னத அப்படியே சொல்றேன், கேட்டுக்குங்க. பழைய சினிமா பாட்டெல்லாம் மொத்த வாத்தியக்காரங்களும் பாடகரும் ஒண்ணா இருந்து வாசிச்சுப் பதிஞ்சது, காதுல டிக் டிக்னு ஓடுற கிளிக் டிராக் எதுவும் கெடையாது. மனுஷன் கை வேகம், சரணத்துல கொஞ்சம் தளரும், முடிவுல கொஞ்சம் ஏறும். கம்ப்யூட்டர் அடி ஒரே வேகத்துல போவும். உண்மையான ரீமிக்ஸ்காரன் பாட்ட துண்டு துண்டா எடுத்து ஒவ்வொரு ஆவர்த்தனத்தையும், அதாவது ஒவ்வொரு தாளச் சுத்தையும், அந்த அடியில உட்கார வைப்பான், மணிக்கணக்கா உட்கார்ந்து செய்ற வேலை அது. இவன் பல்லவிய மட்டும் பொருத்திட்டு விட்டுட்டான். குரல் ஏறுனதுக்கும் காரணம் சொன்னான். நிமிஷத்துக்கு 96 அடி போற பாட்ட டான்ஸுக்காக 128க்கு ஏத்தும்போது சுருதிய தனியா பிடிச்சு வைக்கலைன்னா அதுவும் சேந்து கிட்டத்தட்ட அஞ்சு அரைசுரம் ஏறிடும். சட்ஜமத்துலேர்ந்து சுத்த மத்யமம், அதாவது 'ச'வுலேர்ந்து 'ம' வரைக்கும். நாதஸ்வரக்காரர் காதுல கேட்டே சொன்னது அதேதான்.

சலசலப்பு எப்படி வந்துச்சுன்னா, குரலையும் வாத்தியத்தையும் பிரிக்கிற ஏஐ சாஃப்ட்வேர் இப்ப சும்மாவே கெடைக்குது, நெட்ல பாட்டு கேக்குற சர்வீஸ் நடத்துற டீசர்ங்கிற கம்பெனி 2019லயே ஸ்ப்ளீட்டர்னு ஒண்ண இலவசமா விட்டுச்சு. அந்த டெக்னிக்க நான் குறை சொல்லல. பீட்டில்ஸோட கடைசிப் பாட்டுன்னு 2023ல வந்துச்சே, அதுல ஜான் லெனன் எழுபதுகள்ல கேசட்டுல பாடி வச்சிருந்த குரல இந்த மாதிரி டெக்னிக்லதான் பியானோ சத்தத்துலேர்ந்து பிரிச்சு எடுத்தாங்க. ஆனா உள்ள போடுற ஃபைல் நல்லா இருக்கணும், பிரிச்சதுக்கு அப்புறம் உட்கார்ந்து சுத்தம் பண்ணணும். இவன் யூட்யூப்லேர்ந்து உருவுன பாட்ட போட்டு, வந்தத அப்படியே எடுத்து, திரும்பத் திரும்ப ஓடுற ரெடிமேட் அடி, அதான் லூப்பு, ஒண்ண மேல ஒட்டியிருக்கான். எட்டு பாட்டுக்கும் ஒரே லூப்பு. ஃபைல் பேருல மட்டும் "320 கேபிபிஎஸ் ஸ்டூடியோ குவாலிட்டி"ன்னு போட்டிருக்கு, கேபிபிஎஸ் கூட இருந்தா சத்தத்தோட தரம் கூடன்னு அர்த்தம். அந்தத் தம்பி சத்தத்த படமா காட்டுற ஸ்பெக்னு ஒரு இலவச சாஃப்ட்வேர்ல தொறந்து காமிச்சான், 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல ஒண்ணுமே இல்ல, கத்திய வச்சு வெட்டுன மாதிரி நேர்கோடா நிக்குது. உண்மையான 320ன்னா கிட்டத்தட்ட 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் போவும். 128 கேபிபிஎஸ்ல இருந்தத 320ஆ மாத்தி வச்சா ஃபைல் பெருசாவும், சத்தம் திரும்பி வராது. போன்ல கேக்கும்போது தெரியாது, மண்டபத்து டாப்புல போட்டா எல்லாம் வெளிய வந்துரும்.

இப்ப அந்த 6,000 ரூபா விஷயத்துக்கு வர்றேன், இது எல்லாருக்கும் தெரிய வேண்டியது. காப்பிரைட் சட்டம் 1957, 52-வது பிரிவுல மதச் சடங்குகள்ல பாட்டு போடுறது உரிமை மீறல் ஆகாதுன்னு இருக்கு, அதுக்குக் கீழ விளக்கத்துலயே கல்யாண ஊர்வலமும் கல்யாணத்த ஒட்டுன மத்த கொண்டாட்டங்களும் இதுல சேரும்னு தெளிவா போட்டிருக்கு. 2023 ஜூலைல மத்திய அரசும் இதையே அறிவிப்பா வெளியிட்டுச்சு. அதனால வீட்டுக் கல்யாணத்துல பாட்டு போடுறதுக்கு யாரும் லைசென்ஸ்னு சொல்லி உங்ககிட்ட காசு கேக்க முடியாது. எங்களுக்கு ரசீதுன்னு குடுத்த தாளுல எந்தக் கம்பெனி, எந்தப் பாட்டு, எதுவும் கெடையாது, அவன் பார்ட்டி பேரும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும்தான்.

ஆனா ஒண்ணு, மண்டபத்துல போடுறது வேற, நெட்ல ஏத்துறது வேற. எங்க வீடியோகிராஃபர் தம்பி பாவம், ஹைலைட்ஸ்ல இந்தப் பாட்டுங்கள வச்சு யூட்யூப்ல போட்டாரு, போட்ட கொஞ்ச நேரத்துல ஆடியோ கம்பெனி கிளைம் வந்து சத்தமே போயிருச்சு. தாலி கட்டுற சீனும் ஊமையா ஓடுது. "லைசென்ஸ் எடுத்தாச்சு, எங்க வேணும்னாலும் போடலாம்"னு இவன் சொன்ன வாய்ஸ் மெசேஜ் இன்னும் எங்கிட்ட இருக்கு.

முறையா பண்றவங்க எப்படிப் பண்றாங்கன்னு பாருங்க. எல்விஸ் பிரெஸ்லி 1968ல பாடுன பாட்டு ஒண்ண 2002ல ஜேஎக்ஸ்எல்னு ஒரு டச்சுக்காரர் ரீமிக்ஸ் பண்ணாரு, எல்விஸ் தரப்புல பர்மிஷன் வாங்கித்தான் பண்ணாரு, பிரிட்டன்ல நம்பர் ஒன். நம்ம சினிமாவுல 2004ல நியூ படத்துல ரஹ்மான், படகோட்டியில 1964ல வந்த தொட்டால் பூ மலரும் பாட்டுக்குப் புதுசா உசிரு குடுத்தாரு, 2007 பில்லாவுல 1980 பில்லா பாட்டுங்க திரும்ப வந்துச்சு. எல்விஸ் பாட்டுல அவரு பழைய குரலேதான், ஆனா நம்ம சினிமா பாட்டுங்க புதுசா பாட வச்சு, புதுசா வாசிச்சு ரெக்கார்ட் பண்ணுனது, பழைய குரலப் பிச்சு எடுத்தது இல்ல. அதனாலதான் காதுக்கு இதமா இருக்கு. பழைய பாட்டு மேல மரியாதை உள்ளவன் கையில அது கெட்டுப் போகாது, அத நான் அடிச்சுச் சொல்லுவேன். எங்க சித்தப்பா மாதிரி ஒருத்தர் நாப்பது வருஷமா நெஞ்சுல வச்சிருக்குற பாட்ட எடுத்து இப்படி நாசம் பண்றதுதான் எனக்குத் தாங்கல, காசு போனது ரெண்டாவது.

அதனால புக் பண்றவங்க, போன்ல முப்பது செகண்ட் சாம்பிள் கேட்டுட்டு சரின்னு சொல்லாதீங்க. உங்க பாட்டையே ஒண்ணு முழுசா பண்ணித் தரச் சொல்லுங்க, அதுக்கு மட்டும் காசு குடுங்க. வந்த பாட்ட நம்ம ஊரு ரேடியோ செட்காரர் யாருகிட்டயாவது குடுத்து பெரிய டாப்புல போட்டு ரெண்டாவது சரணத்த கேளுங்க, பல்லவிய விட்டுருங்க, அத எவனும் ஒழுங்கா பண்ணிருவான். சாம்பிள் ரொம்ப நல்லா இருந்துச்சுன்னா பாட்டக் கேட்டு அடையாளம் சொல்ற ஷசாம் ஆப்ல போட்டுப் பாருங்க, யாரோடதுன்னு அதுவே சொல்லிரும். எத்தனை பாட்டு, என்னென்ன பாட்டு, எந்தத் தேதிக்குள்ள ஃபைல் கைக்கு வரணும், வரலைன்னா எவ்வளவு திருப்பித் தரணும், எல்லாம் எழுத்துல வேணும். வாட்ஸ்அப்ல எழுதுனாலும் போதும், பேசுறத மட்டும் நம்ப வேண்டாம். பேலன்ஸ ரிசப்ஷன் முடிஞ்சதுக்கு அப்புறம்தான் தருவேன்னு முதல் நாளே சொல்லிருங்க, அதுக்கு ஒத்துக்காதவன் வேண்டாம்.

எங்க விஷயம் இப்ப எங்க நிக்குதுன்னா, காசத் திருப்பிக் கேட்டதுக்கு "எல்லாரும் ஆடுனாங்களேண்ணே"ன்னு சொல்லிட்டு நம்பர பிளாக் பண்ணிட்டான். வக்கீல் நோட்டீஸ் ஸ்பீட் போஸ்ட்ல போனதும் வேற நம்பர்லேர்ந்து கூப்பிட்டு லைசென்ஸ் காசு 6,000 மட்டும் திருப்பி அனுப்புனான், மிச்சத்துக்குப் பதில் இல்ல. 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிஞ்சாச்சு, தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துல புகார் குடுக்க பேப்பர் ரெடி ஆயிட்டு இருக்கு. 5 லட்சம் ரூபா வரைக்கும் உள்ள விஷயத்துக்கு அங்க ஃபீஸ் கெடையாது, நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள குடுத்தாப் போதும். ஒரே ஆளுகிட்ட ஒரே மாதிரி ஏமாந்தவங்க பல பேரு இருந்தா ஆணையத்தோட அனுமதி வாங்கி சேர்ந்தே புகார் குடுக்கலாம்னு சட்டத்துல இருக்கு. எங்க ரிசப்ஷன்ல பேரு வந்த அந்தப் பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்காரங்களையும் தேடிட்டு இருக்கேன், அவங்க பாட்டத்தான் எங்களுக்கு வித்திருக்கான். இந்தப் பக்கம் யாருக்காவது இதே மாதிரி நடந்திருந்தா பில்லு, ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காம எனக்கு மெசேஜ் பண்ணுங்க, வைகாசி முகூர்த்தம் ஆரம்பிக்கிறதுக்குள்ள புகாரக் குடுத்துடணும்னு இருக்கோம்.