உலோகப் பந்து, உலோகக் கிண்ணம்: இந்த இடுப்பு மூட்டை நம்பலாமா?

புதிதாக மூட்டு மாற்றிக்கொள்ளப் போகிறவர் பெரிய உலோகப் பந்தும் உலோகக் கிண்ணமும் கொண்ட முழு மாற்று வகையைக் கேட்கவே வேண்டாம். பாலிஎத்திலீன் (பிளாஸ்டிக்) கிண்ணத்தில் செராமிக் பந்தோ உலோகப் பந்தோ போதும். ஏற்கெனவே பொருத்தியவர்களுக்குத்தான் விவரம் அதிகம் தேவை.

இந்த மூட்டில் பந்தும் கிண்ணமும் கோபால்ட்-குரோமியம் கலவை. தேய்மானம் குறைவு, பெரிய பந்து எளிதில் நழுவாது என்று சொல்லித்தான் விற்றார்கள். இரண்டும் பொய்யில்லை. ஆனால் உதிரும் துகள்கள் நானோமீட்டர் அளவில் இருப்பதால் எண்ணிக்கை மிக அதிகம். அவை அரித்துக் கரைந்து அயனிகளாக ரத்தத்தில் கலக்கின்றன. சிலருக்கு மூட்டைச் சுற்றி நீர் கோத்தோ திடமாகவோ கட்டி வருகிறது. அது புற்றுநோய் அல்ல. ஆனால் இடுப்பைத் தாங்கும் தசையை அழித்துவிடும்.

எல்லா மாடலும் ஒரே மாதிரி கெடவில்லை. டிப்யூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் மாடலில் கிண்ணம் அரைக்கோளத்தைவிட ஆழம் குறைந்தது. கொஞ்சம் செங்குத்தாகப் பொருத்தினாலே சுமை விளிம்பில் ஏறும். அங்கே மசகுப் படலம் அறுந்து உலோகமும் உலோகமும் நேரடியாக உரசும். உலகெங்கும் சுமார் 93,000 பேருக்குப் பொருத்திய பிறகு, 2010 ஆகஸ்டில் திரும்பப் பெற்றார்கள். ஐந்தே ஆண்டில் மறு அறுவை விகிதம் 12-13 சதவீதம்! இவ்வளவு சீக்கிரம் இத்தனை பேருக்கு மூட்டைக் கழற்ற வேண்டியிருந்தது ஏற்கவே முடியாதது.

முழு மாற்றில் இன்னொரு பலவீனம், தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டின் கழுத்தில் பந்து செருகும் கூம்பு. பந்து பெரிதாக ஆக அங்கே முறுக்குவிசை கூடும், அரிப்பும் கூடும். எலும்புத் தலையைச் செதுக்கி மேலே உலோகத் தொப்பி போடும் ரீசர்ஃபேசிங்கில் அந்தக் கூம்பே கிடையாது. 1997-இல் வந்த பர்மிங்காம் வகை, எலும்பு வலுவுள்ள, பெரிய அளவு பொருந்தும் ஆண்களுக்கு இன்றும் நல்ல பலன் தருகிறது. பெண்களுக்கு வேண்டாம் என்று 2015-இல் தயாரிப்பாளரே சொல்லி, சிறிய அளவுகளையும் நிறுத்திவிட்டார்.

வலி இல்லை, எக்ஸ்-ரே சுத்தம் என்று இருந்துவிடாதீர்கள். கட்டி சத்தமில்லாமல் வளரும். முதலில் அறுவைக் குறிப்பில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைத் தேடி எடுங்கள்: மாடல், பந்தின் அளவு, லாட் எண் எல்லாம் அதில் இருக்கும். பிறகு ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் பரிசோதனை. நுண்தனிமங்களுக்கான தனிக் குழாயில்தான் எடுக்க வேண்டும். ஊசியின் உலோகமே முடிவைக் கெடுக்கும் என்பதால் முதலில் வரும் ரத்தத்தைத் தனியே தள்ளிவிட வேண்டும். லிட்டருக்கு 7 மைக்ரோகிராமுக்கு மேல் போனால் மூன்று மாதத்தில் மறுபடி பாருங்கள். (ரிப்போர்ட் நானோமோலில் வந்தால் கோபால்ட்டுக்கு அது சுமார் 119.) 7-க்குக் கீழே என்பது நற்சான்றிதழ் ஆகாது. சிறுநீரகம் பழுதானவருக்கு அளவு கூடுதலாகவே காட்டும்.

ஸ்கேனுக்கு உலோக நிழலைக் குறைக்கும் எம்.ஆர்.ஐ. வேண்டும், வசதி இல்லையென்றால் அல்ட்ராசவுண்ட். காது மந்தம், பார்வை மங்கல், கைகால் மரத்தல், மூச்சிரைப்பு அரிதாகவே வரும். வந்தால் கோபால்ட் அளவை உடனே பாருங்கள்.

கட்டி வளர்ந்தாலோ தசை கரைவது தெரிந்தாலோ மறு அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது. தசை போன பிறகு எந்தப் புது மூட்டும் அடிக்கடி நழுவும். தண்டு உறுதியாக இருந்து, கூம்பும் சேதமில்லாமல் இருந்தால் அதை விட்டுவைத்து, டைட்டானியம் உறையின் மேல் செராமிக் பந்து மாட்டலாம். அதோடு கிண்ணத்தையும் மாற்றினால் போதும்.