சிவனொளிபாத மலை உச்சி மடம்: ஒன்பது தடவை விடியும்வரை உட்கார்ந்தவன் சொல்வது

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துக்காரன் நான். மலை 9 தடவை ஏறியாச்சு, ஏறிய தடவைக்கு ஒன்று என்ற கணக்குப்படி உச்சி மணியையும் அடித்தாச்சு. இது மலையைப் பற்றியல்ல, விடியும்வரை ஒதுங்குகிற மேல் மடத்தைப் பற்றி.

அது படுத்துத் தூங்கும் இடமில்லை. சீமெந்துத் தரை, சுவர், கூரை, அவ்வளவுதான். சீசனில், அதாவது டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) மே வெசாக் பௌர்ணமி வரை, சனிக்கிழமை இரவில் போனால் கால் நீட்டக்கூட இடம் கிடைக்காது.

முதல் தடவை இளவட்டத் திமிரில் அடிவாரத்து நல்லதண்ணியிலிருந்து எங்கும் நிற்காமல் ஏறி 2 மணிக்கே மேலே போய்விட்டோம். 5,000க்கும் மேற்பட்ட படி, சட்டையைப் பிழிந்தால் வேர்வை கொட்டும், சூரியன் வர இன்னும் நாலு மணித்தியாலத்துக்கு மேல் கிடக்கிறது. சுவரில் சாய்ந்து பத்து நிமிடத்தில் பல் கிட்டத் தொடங்கியது. உச்சி 2,243 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினாலே ஆறு பாகை அளவு குளிர் கூடும், அதோடு ஈரச் சட்டை வேறு. தரைக் குளிர் சாரத்தைத் தாண்டி இடுப்புக்கு ஏறுகிறது. பக்கத்திலிருந்த சிங்கள ஆச்சி ஒருவர் ஒன்றும் பேசாமல் மடித்த உரப்பை ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டார். அதை விரித்து உட்கார்ந்த பிறகுதான் உயிர் வந்தது. அன்றிலிருந்து உரப்பை இல்லாமல் நான் ஏறியதில்லை.

மடம் காற்றை மறிக்கும், சூடு தராது. மறிப்பதே பெரிய உபகாரம் என்பது மணிப் பக்கம் ஐந்து நிமிடம் நின்றவனுக்குத் தெரியும்.

இப்போதெல்லாம் வழிக் கடையில் இஞ்சி போட்ட பிளேன்டீயும் ரொட்டியுமாக நேரத்தைப் போக்கிவிட்டு ஐந்து மணியளவில்தான் மேலே போவேன். போனதும் ஈர பனியனை மாற்றுவது முதல் வேலை. மேலே சப்பாத்தைக் கழற்ற வேண்டும், அதனால் காய்ந்த காலுறை ஒரு சோடி தனியாகப் பொலித்தீனில். வாசல் பக்கம் மட்டும் உட்காராதீர்கள், வருகிறவன் போகிறவன் எல்லாம் காலை மிதிப்பான். ஃபோனில் சத்தமாகப் பாட்டுப் போடுகிறவர்களுக்கு என்னிடம் மருந்தில்லை.

ஒருமுறை ஜூனில் போனோம். மழை, வழியில் விளக்கில்லை, கடையில்லை, மடமும் பூட்டு. சுவரோரம் நனைந்துகொண்டே நின்றோம். அந்தப் பைத்தியக்காரத்தனம் வேண்டாம்.

அப்புறம், ஆறு மணிக்குக் கூட்டம் முழுக்கக் கிழக்குப் பக்கம் முண்டும், மடம் காலியாகும். நான் அப்போதுதான் உரப்பையில் கொஞ்சம் முதுகைச் சாய்ப்பேன். சூரியன் எழுந்த பிறகு மேற்குப் பக்கம் போனால் போதும், மலையின் முக்கோண நிழல் அங்கேதான் விழும்.