கோட்டூவா, அடுக்கு இஃப்-ஆ?

1968-இல் கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ரா கோட்டூவை (goto, நிரலின் வேறொரு வரிக்கு நேரே தாவச் சொல்லும் கட்டளை) எதிர்த்து எழுதியது நியாயம்தான். நிரல் முன்னும் பின்னும் தாவினால் ஓட்டத்தைப் பின்தொடரவே முடியாது. லூப்புக்குப் பதிலாகக் கோட்டூ எழுதுவதை நானும் ஏற்கமாட்டேன்.

ஆனால் சி மொழியில் பிழை கையாளும் இடம் வேறு. மெமரி வாங்கி, கோப்பைத் திறந்து, லாக் (ஒரே வளத்தை ஒரே நேரத்தில் வேறொன்று தொடாதபடி போடும் பூட்டு) எடுத்தபின் நான்காவது படி தோற்றால், மூன்றையும் தலைகீழ் வரிசையில் விடுவிக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கு இஃப் (if நிபந்தனை) போட்டால் வரிகள் வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போகும். அங்கங்கே ரிட்டர்ன் போட்டு உடனே வெளியேறினால் விடுவிக்கும் வரிகள் திரும்பத் திரும்ப வரும், ஏதாவது ஒன்று விட்டுப்போகும். விடுவிக்கும் வரிகளை முடிவில் ஒரே இடத்தில் வைத்து, அங்கே கீழ்நோக்கி மட்டும் தாவும் கோட்டூதான் இங்கே தெளிவு. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலிலும் இதுவே வழக்கம்.

சி++ என்றால் சரி, ஒரு ஆப்ஜெக்ட்டின் ஆயுள் முடியும்போது தானாக இயங்கும் டிஸ்ட்ரக்டரே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.