எது முதலில்? துப்பறியும் நாவலும் அதன் ரிவித் தொடரும்

ரிவித் தொடரோடு ஒட்டிய துப்பறியும் நாவல் ஒன்று கைக்கு வந்தால், முதலில் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். முதற்பதிப்பு ஆண்டு தொடருக்கு முந்தியதென்றால் நாவலில் இருந்து தொடர் பிறந்திருக்கிறது. தொடரைத் தழுவி எழுதியது என்று ஒரு வரி இருந்தால் கதை தலைகீழ். அட்டையை நம்ப வேண்டாம். அறுபது வருடப் பழைய நாவலுக்கும் தொடர் ஓடத் தொடங்கியதும் நடிகர் படத்தோடு புது அட்டை போடுவார்கள். கதையில் ஒரு மூலையில் நிற்கும் சாட்சியின் முகம் அட்டையில் பெரிதாக இருந்தால் பாதிப் புதிர் அங்கேயே போச்சு. பழைய பேப்பரால் உறை போட்டுவிட்டு வாசிப்பது நல்லது.

நாவல் முந்தியதென்றால் நாவலையே முதலில் வாசிக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி. அகதா கிறிஸ்டியின் 'த பொடி இன் த லைப்ரரி' 1942இல் வந்தது. பிபிசி 1984இல் ஜோன் ஹிக்சனைத் துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்பிளாக வைத்து மூன்று பாகங்களாக எடுத்தது. நாவலை விட்டு அதிகம் விலகவில்லை. இன்னொரு பிரிட்டிஷ் சனலான ஐரிவி 2004இல் ஜெரால்டின் மக்யூவனை வைத்து எடுத்தபோது கொலையில் சம்பந்தப்பட்ட ஓர் ஆளையே மாற்றிவிட்டது. 2004ஐ மட்டும் பார்த்தவர் கிறிஸ்டி போட்ட முடிச்சை அறியமாட்டார். நாவல், 1984, பிறகு 2004 என்று போனால், எந்த இடத்தில் தையல் பிரித்தார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். அதுவும் ஒரு துப்பறிதல்தான்.

தடயத்தை ஒளிப்பதில் எழுத்துக்கு இருக்கும் வசதி கமெராவுக்குக் கிடையாது. "மேசையில் மூக்குக்கண்ணாடி, பாதி குடித்த தேத்தண்ணி, நேற்றைய பேப்பர், ஒரு திறப்பு கிடந்தன" என்று ஒரு வரி இருக்கிறதென்று வையுங்கள். வாசிக்கும்போது நாலுக்கும் ஒரே எடைதான். திரையிலோ திறப்பைக் கிட்டக் காட்டினால் இரண்டே விநாடியில் பிடிபட்டுவிடும், காட்டாமல் விட்டால் கடைசியில் "இது எங்கிருந்து வந்தது?" என்று பார்ப்பவர் சண்டைக்கு வருவார். கதை சொல்பவரின் குரலிலேயே சூழ்ச்சி இருக்கும் நாவல்களின் நிலை இன்னும் மோசம். அவற்றைத் தொடராகப் பார்த்த பிறகு வாசிப்பதில் பயனில்லை. (அப்படியானவற்றின் பெயரை இங்கே சொன்னால் அதுவே காட்டிக்கொடுப்பு.)

தொடரில் இருந்து எழுதப்பட்ட நாவலுக்கு வரிசை மறுவளம்: தொடர் முதலில், புத்தகம் பிறகு. பிரிட்டிஷ் தொடர் 'புரோட்சேர்ச்' 2013இல் எட்டுப் பாகங்களாக வந்தது; எரின் கெல்லி எழுதிய நாவல் அடுத்த வருடம். இந்த வகைப் புத்தகம் புதிதாகத் தருவது பாத்திரங்களின் மனசுக்குள் ஓடுவதை. பிசகும் அங்கேதான். எல்லாருடைய மனசுக்குள்ளும் போய்வரும் எழுத்தாளர் ஒருவரின் மனசுக்குள் மட்டும் போகாமல் சுற்றி நடந்தால், பழகிய வாசகர் அந்த ஆளையே குறிவைப்பார். தொடரைப் பார்த்தவருக்கு இந்தத் தொல்லை இல்லை; எழுத்தாளர் எப்படிச் சமாளிக்கிறார் என்று ரசிக்கலாம். முதல் பருவத்திலேயே இருபது பாகங்கள் ஓடிய டென்மார்க் தொடர் 'த கில்லிங்' இதில் ஒரு தனிக்கேஸ். 2012இல் அந்தப் பருவத்தை நாவலாக்கிய டேவிட் ஹியூசன் முடிவை அப்படியே விடவில்லை. ஆகவே பார்த்து முடித்தவருக்கும் கடைசிப் பக்கங்களில் வேலை இருக்கிறது.

தொடரின் ஆட்களை வைத்துப் புதுக்கதை எழுதும் வகையும் உண்டு. அமெரிக்கத் தொடர் 'மேர்டர் ஷி ரோட்' 1984 முதல் 1996 வரை 264 பாகங்கள் ஓடியது. டொனால்ட் பெயின் எழுதிய நாவல்களில் கதாநாயகி ஜெசிக்கா பிளெச்சரின் பெயரையும் ஆசிரியராகப் போட்டிருப்பார்கள். முந்திப் பிந்தி என்ற கேள்வி இங்கே இல்லை. ஆட்களின் குணம் பிடிபட நாலைந்து பாகம் பார்த்தால் போதும்.

தமிழில் என்றால் இந்திரா சௌந்தர்ராஜனின் நாவலில் இருந்து வந்த 'விடாது கருப்பு', காவல் தெய்வத்தைச் சுற்றிய மர்மத் தொடர். நாகா இயக்கத்தில் சன் ரிவியில் ஓடிய 1997-98 காலத்தில் வன்னியின் பெரும்பகுதியில் மின்சாரமே இல்லை. அதனால் இங்கே பலருக்கு அது பின்னாளில் யூரியூப்பில் பார்த்த தொடர். குளக்கட்டு ஐயனாரைக் கும்பிட்டு வளர்ந்தவருக்குக் காவல் தெய்வப் பயத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் இரவுக் காட்சிகளின் சத்தமும் இருட்டும் தாளில் வராது. இதற்கு மட்டும் தொடரே முதலில்.

மாறி மாறிப் போவதுதான் எல்லாவற்றிலும் மோசம். இரண்டு அத்தியாயம் வாசித்து ஒரு பாகம் பார்த்தால், பின்னால் வரவேண்டிய காட்சியைத் தொடர் முன்னுக்குக் கொண்டுவந்து குழப்பும். இதைவிட, வாசிக்கும்போது புத்தக அடையாளமாக ஒரு தாள் வையுங்கள்: பெயர், உறவு, கொலை நேரத்தில் எங்கே நின்றார். மொழிபெயர்ப்பில் ஒரு பக்கம் ஜோன், மறுபக்கம் ஜான் என்று வந்தாலும் தாள் காப்பாற்றும். கடைசி மூன்று அத்தியாயத்துக்கு முன் நிறுத்தி, யார், ஏன் என்று எழுதுங்கள். பெயர் மட்டும் எழுதுவது லொத்தர்.

செலவுக் கணக்கு புத்தகத்தின் பக்கம். இணையத்தில் 480பி தரத்தில் தொடர் பார்த்தால் ஒரு மணித்தியாலத்துக்கு அரை ஜிபிக்கு மேல் போகும். எட்டுப் பாகத் தொடருக்கு மூன்று நாலு ஜிபி வேண்டும். மின்னூல் ஒன்றுக்குப் பெரும்பாலும் ஓரிரு எம்பி போதும். கொனன் டொயில் 1930இல் இறந்ததால் பதிப்புரிமைக் காலம் முடிந்து, ஷெர்லொக் ஹோம்ஸ் கதைகளின் ஆங்கில மூலம் இலவசமாகவும் சட்டப்படியும் கிடைக்கும். 1976இல் இறந்த கிறிஸ்டிக்கு அது இன்னும் பொருந்தாது. மாரியில் கரண்ட் போனாலும் ரோச் வெளிச்சத்தில் வாசிக்கலாம். ஒட்டுக் கட்டுப் புத்தகத்தை மட்டும் ஈரச் சுவர்ப் பக்கம் வைக்காதீர்கள், தாள் கழன்றுவிடும். கழல்வது எப்போதும் கடைசி அத்தியாயம். நூலகப் பிரதி என்றால் எடுத்தவுடன் அந்தப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள், வாசிக்காமல்.