41,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று வாங்கிய கார்: ஐந்து வருட அனுபவம்

என் முதல் காரே ஒரு பழைய கார்தான். வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. அப்போது வண்டிக்கு வயது ஒன்பது, ஓடியிருந்தது 41,000 கிலோமீட்டர். இப்போது வயது பதினான்கு, ஓடோமீட்டரில் 1,08,000. பெட்ரோல் வண்டி, கையால் கியர் போடுவது, சின்ன ரகம். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த மாடல் நல்லதா கெட்டதா என்று பேச்சு திசைமாறிவிடும். ஒன்பது வருடம் ஓடிய வண்டியில் கம்பெனியின் கைவண்ணத்தைவிட, வைத்திருந்தவர் செய்ததும் செய்யாமல் விட்டதும்தான் அதிகம் தெரியும்.

என்னிடம் இரண்டு நோட்டு இருக்கிறது. ஒன்றில், வண்டி பார்க்கப் போனபோது கண்ணில் பட்ட குறைகளைக் குறித்திருக்கிறேன். மற்றதில், வாங்கிய பிறகு ஆன செலவு. போன வாரம் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் விரித்துப் பார்த்தேன். இடது கதவில் கீறல், ஓட்டுநர் சீட்டு ஓரத்தில் தையல் பிரிந்திருக்கிறது, ரேடியோ ஒரு பக்கம் மட்டும் பாடுகிறது என்று முதல் நோட்டில் பயந்து பயந்து எழுதியவற்றில் ஒன்றுகூட இரண்டாவது நோட்டில் இல்லை. கீறல் இன்றும் அப்படியே இருக்கிறது, ரேடியோவும் அப்படித்தான். செலவு நோட்டை நிரப்பியதெல்லாம் நான் ஒரு வரிகூட எழுதாத சமாச்சாரங்கள்: டயர், பெல்ட், ஹோஸ், பிரேக் ஆயில், சைலன்சர்.

இதற்கு முன் இரண்டு வண்டிகளைப் பார்த்து வேண்டாம் என்று வந்திருந்தேன். இரண்டுக்கும் சித்தப்பாவுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போனேன். முதல் வண்டியை அவர் ஸ்டார்ட்கூடச் செய்யவில்லை. போனதும் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடு. "நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்காங்கம்மா" என்றார். ராத்திரி முழுக்க நின்று ஆறிப்போன எஞ்சின்தான் உண்மை பேசும். முதல் சில நொடியில் வரும் கடகட சத்தம், சைலன்சரிலிருந்து வரும் நீலப் புகை, ஸ்டார்ட் ஆகத் திணறுவது எல்லாம் சூடான எஞ்சினில் ஒளிந்துகொள்ளும். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. நல்ல கறுப்பு என்றால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறது. வெள்ளைப் புகை குளிரில் கொஞ்ச நேரம் வந்து நின்றுவிட்டால் அது வெறும் நீராவி. எஞ்சின் சூடேறிய பிறகும் அடர்த்தியாக வந்துகொண்டே இருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் உள்ளே கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவது வண்டி பார்வைக்குப் பளபளவென்று இருந்தது. டேஷ்போர்டில் ஒரு வார்னிங் லைட்டும் இல்லை. மெக்கானிக் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் கையடக்க ஸ்கேனர் ஒன்றைச் செருகினார். வண்டியின் கம்ப்யூட்டரில் பழுதுக் குறியீடு எதுவும் பதிவாகவில்லை. நான் சந்தோஷப்பட்டேன், அவர் உதட்டைப் பிதுக்கினார். வண்டி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் சில பரிசோதனைகள் உண்டு. பழுதுக் குறியீடுகளை அழித்தால் அந்தப் பரிசோதனைகளின் முடிவுகளும் சேர்ந்தே அழிந்துவிடும். மறுபடி முடிவதற்கு, பல விதமான வேகத்தில் கொஞ்ச நாள் ஓட வேண்டும். அந்த வண்டியில் அநேகமாக எல்லாமே 'முடியவில்லை' என்று காட்டியது. பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இப்படி ஆகும் என்பதால், உரிமையாளரிடம் பேட்டரியை எப்போது கழற்றினீர்கள் என்று கேட்டோம். கழற்றவே இல்லை என்றார். சரி, நன்றி என்று வந்துவிட்டோம்.

மூன்றாவதுதான் இப்போது என்னிடம் இருப்பது. இதற்கு மெக்கானிக்கை அழைத்துப் போகவில்லை. ஏனென்றால் எல்லாமே அவ்வளவு நன்றாக இருந்தது! வயதான தம்பதி, ஒரே உரிமையாளர், கையேடு முதல் மாற்றுச் சாவி வரை ஒரு பையில் பத்திரமாக. விபத்து எதுவும் இல்லை. கண்ணாடிகளின் மூலையில் அச்சிட்டிருந்த தேதிக் குறிகளைப் பார்த்தேன், எல்லாம் ஒரே காலத்தவை. ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன், வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் அங்கே சேற்றுக் கறை படிந்திருக்கும். பெடல் ரப்பர் தேயவில்லை, ஸ்டீயரிங் வழவழப்பாகவில்லை, ஆக 41,000 என்பது திருத்திய எண் அல்ல என்று தெரிந்தது. அந்தக் கணக்கு இன்றும் சரிதான். எண் உண்மை. அந்த எண்ணுக்கு நான் கொடுத்த அர்த்தம்தான் தப்பு.

ஒன்பது வருடத்தில் 41,000 என்றால் வருடத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம். ஒரு நாளைக்குச் சராசரியாகப் பன்னிரண்டு கிலோமீட்டர். அதாவது வண்டி பெரும்பாலும் நின்றிருக்கிறது. ஓடியபோதும் பக்கத்துத் தெருவுக்கும் கடைக்கும்தான் ஓடியிருக்கிறது. எஞ்சின் முழுதாகச் சூடேறுவதற்குள் ஊர்வலம் முடிந்துவிடும். சூடேறாத எஞ்சினில் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலந்து தங்கும். பெட்ரோல் எரியும்போது உண்டாகும் தண்ணீர் சைலன்சருக்குள் ஆவியாகாமல் தேங்கி, உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். பேட்டரி ஸ்டார்ட் செய்யச் செலவழித்ததைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள நேரம் கிடைக்காது. இதெல்லாம் வாங்கிய பிறகு கற்றது.

பத்து நாள் கழித்து மெக்கானிக்கிடம் காட்டப் போனேன். "என்னைக் கூப்பிடாம வாங்கிட்டீங்களேம்மா" என்று சிரித்துவிட்டு, எஞ்சினைப் பார்க்காமல் டயர் பக்கம் குனிந்தார். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றிருந்தால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். 2000-க்குப் பிறகு வந்த டயர்களில் இந்த முறைதான். என் வண்டியில் நான்கும் வண்டியோடு பிறந்தவை. பட்டன், அதாவது சாலையில் படும் ரப்பர் மேடுகள், நன்றாக இருந்தது, 1.6 மில்லிமீட்டர் தேய்மான அடையாளத்துக்கு இன்னும் வெகுதூரம். அதைப் பார்த்துத்தான் நானும் திருப்திப்பட்டிருந்தேன். ஆனால் பக்கச் சுவரில் முடியிழை மாதிரி வெடிப்புகள். டயருக்குப் பத்து வருடம்தான் உச்ச வரம்பு என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன, ஆறு வருடத்திலேயே மாற்றச் சொல்லும் கார் கம்பெனிகளும் உண்டு. ஒருமுறை தூறலில் பிரேக் அடித்தபோது வண்டி வழுக்கியதை, ஓட்டிப் பழகாத என் தப்பு என்று நினைத்திருந்தேன். ரப்பர் இறுகிப்போயிருந்ததும் ஒரு காரணம்.

அடுத்த கேள்வி: "டைமிங் பெல்ட் மாத்தின பில் இருக்கா?"

எஞ்சினுக்குள் வால்வும் பிஸ்டனும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் ரப்பர் பெல்ட் அது. பையைக் கொட்டித் தேடினோம். ஆயில் மாற்றிய பில் வருடம் தவறாமல் இருந்தது, பெல்ட் பில் இல்லை. வண்டியை விற்ற பெரியவருக்கு போன் செய்தேன். "அதுக்கு இன்னும் கிலோமீட்டர் வரலையேம்மா" என்றார். பாவம், அவர் பொய் சொல்லவில்லை. கையேட்டில் கிலோமீட்டர் கணக்குக்குப் பக்கத்திலேயே வருடக் கணக்கும் இருந்தது, எது முதலில் வருகிறதோ அது என்று. கிலோமீட்டரில் பாதிகூட ஆகவில்லை, வருடத்தில் எப்போதோ தாண்டியாயிற்று. மெக்கானிக் மேல் மூடியைக் கழற்றி விளக்கடித்துக் காட்டினார். பெல்ட்டின் முதுகில் வரி வரியாக வெடிப்பு. என் வண்டியின் எஞ்சினில் இந்த பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அப்புறம் பெல்ட் விலையில் முடியாது, எஞ்சினையே திறக்க வேண்டும். எல்லா வண்டியிலும் பெல்ட் இல்லை, பலவற்றில் செயின் வருகிறது. வாங்கப் போகிற வண்டியில் எது என்பதை வண்டி பார்க்கப் போகும் முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டோடு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் வாட்டர் பம்ப்பையும் மாற்றினோம். என் எஞ்சினில் பம்ப்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான், கூலியும் ஒரே கூலிதான்.

பிரேக் ஆயில் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. டாட் 4 என்ற ரகத்தில் புதிய பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. தண்ணீர் சேர்ந்ததும் அந்த அளவு 155 வரை இறங்கலாம். மலைச்சாலையில் தொடர்ந்து பிரேக் அடித்து இறங்கினால் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை, கார் நின்றுதானே இருக்கிறது என்று ஒன்பது வருடமும் தொடவே இல்லை. பேட்டரியும் முதல் குளிரிலேயே படுத்துவிட்டது. முதல் வருடக் கணக்கைக் கூட்டியபோது, வண்டி வாங்கிய விலையில் ஆறில் ஒரு பங்கு இதற்கெல்லாம் போயிருந்தது. நல்லவேளை, பேரம் பேசி மிச்சமான பணத்தை வேறு எதிலும் தொடாமல் வைத்திருந்தேன்.

இரண்டாம் வருடம் நெடுஞ்சாலையில் கூலன்ட் ஹோஸ் பிளந்தது. முதலில் ஒரு இனிப்பு வாசனை, பிறகு வெப்பமானி முள் ஏறியது, பானெட் ஓரத்தில் ஆவி. அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம் என்று கூட இருந்தவர் சொன்னார். நான் கேட்கவில்லை. ஓரம் கட்ட இடம் தேடிய அரை நிமிடத்துக்கு ஹீட்டரை முழுக்கத் திறந்து வைத்தேன், அது எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். வேர்த்துக் கொட்டியது, பரவாயில்லை. நிறுத்தி அணைத்துவிட்டு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆற விட்டோம். மூடியைச் சூட்டோடு திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் முகத்தில் பீய்ச்சும். வண்டியை ஏற்றிக்கொண்டு போய், மற்ற ஹோஸ்களையும் சேர்த்தே மாற்றினோம். எஞ்சினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் பிழைத்தது. முதல் வருடமே ஹோஸை விரலால் அமுக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்; அங்கங்கே கல் மாதிரி, ஒரு முனையில் ஊதிப்போய்.

அதே வருடம் சைலன்சரில் ஓட்டை. துரு உள்ளிருந்து வந்ததால் வெளியே கடைசி வரை ஒன்றும் தெரியவில்லை, திடீரென்று ஒரு காலை டிராக்டர் மாதிரிக் கத்தியது.

மூன்றாம் வருடம் செலவு நோட்டில் அரைப் பக்கம்தான். பிரேக் பேடு, ஆயில், ஃபில்டர். நான்காம் வருடம் கிளட்ச் போனது. மூன்றாவது கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் அலறியது, வேகம் ஏறவில்லை. ஐந்தாம் வருடம் முன் சஸ்பென்ஷன் புஷ்களும், வால்வு கவர் கேஸ்கெட்டும். மறுபடியும் ரப்பர். கடைசி நான்கு வருடச் செலவையும் சேர்த்தால் முதல் வருடம் ஒன்றுக்கு ஆனதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

நல்லதையும் சொல்ல வேண்டும். எஞ்சின் அருமை. ஆயில் எவ்வளவு எரிகிறது என்று ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பேன், ஒரு சர்வீஸிலிருந்து அடுத்த சர்வீஸ் வரை மேலே ஊற்ற வேண்டி வந்ததில்லை. பெரியவர் வருடம் தவறாமல் ஆயில் மாற்றிய புண்ணியம் அது. ஐந்து வருடத்தில் நடுவழியில் நிறுத்தியது அந்த ஹோஸ் ஒன்றுதான். கியர்பாக்ஸ் சத்தமே இல்லை. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால் இன்றும் டிக்டிக் ஓசை வருவதில்லை. இந்த வண்டியை வாங்கியது தப்பு என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஒழுங்காகச் சர்வீஸ் செய்த 90,000 கிலோமீட்டர் வண்டி ஒன்று அதே விலைக்கு வந்ததே, அதைப் போய்க்கூடப் பார்க்காமல் விட்டேனே என்பதுதான் உறுத்தல். அந்த உரிமையாளர் பெல்ட், டயர் மாற்றிய பில்களையெல்லாம் படம் எடுத்தே அனுப்பியிருந்தார்.

இப்போது குடும்பத்தில் ஆள் கூடிவிட்டதால் இதை விற்கப் பார்க்கிறேன். போன ஞாயிறு ஓர் இளைஞர் வந்தார், அவருக்கும் இதுதான் முதல் கார். வண்டியைச் சுற்றி வந்தார், கதவுக் கீறலைத் தடவிப் பார்த்தார், போனில் குறித்துக்கொண்டார். பிறகு ஓடோமீட்டரைப் பார்த்தார். 1,08,000. முகம் சுருங்கியது. செலவு நோட்டையும் பில்களையும் நீட்டினேன். மரியாதைக்கு இரண்டு பக்கம் புரட்டினார். "வேற இடத்துல 38,000 ஓடின வண்டி ஒண்ணு இருக்குக்கா, வயசு பத்துதான்" என்றார். தாராளமாகப் பாருங்கள், வாங்குவதற்கு முன் டயரில் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்த நான்கு இலக்கத்தைப் பற்றிச் சொல்லி அனுப்பினேன்.

சாயங்காலம் போன் வந்தது. "அக்கா, அந்த நாலு நம்பர் இந்த வண்டியில எங்கேயுமே இல்லையே?"

"வெளிப்பக்கம் இல்லேன்னா உள்பக்கம் இருக்கும் தம்பி. குனிஞ்சு பாருங்க" என்றேன்.