அப்பாரு பிறந்த ஊர் எது: கோயிலா, பத்திரமா, பதிவேடா?

"உங்க அப்பாரு எந்த ஊருங்க?" என்று, அதாவது அப்பாவின் அப்பாவைப் பற்றிக் கேட்டால், எங்கள் கொங்குப் பக்கத்தில் பாதிப்பேர் குலதெய்வக் கோயில் இருக்கும் ஊரைத்தான் சொல்வார்கள். கூட்டத்தின் (குலப் பிரிவின்) பெயரும் அதற்கு உரிமையான காணிக் கோயிலும் தெரிந்தால் வம்சம் எங்கிருந்து கிளம்பியது என்பது ஓரளவு பிடிபடும், சரி. அதையே பிறந்த ஊர் என்று எழுதிக்கொண்டால்தான் வம்பு. பல தலைமுறையாக நம் ஆள் ஒருவர்கூட அங்கே குடியிருந்திருக்க மாட்டார். கிடா வெட்டப் போய்வந்ததோடு சரி.

பழைய கிரயப் பத்திரத்தை நான் அதைவிட நம்புவேன். எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் இருவருடைய ஜில்லா, தாலுகா, கிராமம், தகப்பனார் பெயர் எல்லாம் ஆரம்பத்திலேயே வந்துவிடும். எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடந்த பத்திரத்தில் பூமி ஓர் ஊரில், அப்பாருவின் அப்பா குடியிருந்தது வேறொரு வலசில், அதாவது சிற்றூரில். அந்த வலசின் பெயரை வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆனாலும் எழுதிய நாளில் அவர் எங்கே இருந்தார் என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி.

ஜில்லா பெயரை வைத்து மட்டும் முடிவுகட்டக் கூடாது. தாராபுரம் பக்கத்து ஊர் 1979 வரை கோயமுத்தூர் ஜில்லா, பிறகு பெரியார் மாவட்டம், அப்புறம் அதுவே ஈரோடு, 2009 முதல் திருப்பூர். குடும்பம் தோட்டத்துச் சாளையை (தோட்டத்து வீட்டை) விட்டு நகர்ந்தே இருக்காது. காகிதத்தில் நாலு இடம் மாறியிருக்கும். கரூரும் 1910 வரை கோயமுத்தூர் ஜில்லாவில்தான் இருந்தது. கிராமமும் தாலுகாவும் சேர்ந்து பொருந்தினால்தான் ஊர் உறுதி. புதூர் என்று மட்டும் இருந்தால் எத்தனை புதூரைத் தேடுவது?

பிறந்த இடத்துக்கு நேரான சாட்சி பிறப்புப் பதிவேடுதான். ஆனால் பலர் அதை அப்பா ஊரில் தேடிவிட்டு, இல்லை என்று திரும்பிவிடுகிறார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில். பிள்ளை எங்கே பிறந்ததோ அங்கேதான் பதிவாகியிருக்கும், ஆகவே அமுச்சி (அம்மாவின் அம்மா) ஊருக்குப் போக வேண்டும். அங்கேயும் பிள்ளையின் பெயர் இருக்காது, 'ஆண்' என்று மட்டும் இருக்கலாம். தகப்பன் பெயரை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

பெண் கொடுத்த ஊர், எடுத்த ஊர் தெரிய மொய் நோட்டுக்கு நிகரில்லை. ஊரோடு சேர்த்துத்தான் ஆளை எழுதியிருப்பார்கள். எழுதியவருக்குத் தெரிந்த ஊர் என்பதால் தாலுகா மட்டும் இருக்காது.

பெரியவர்கள் பேச்சைக் கடைசியில் வைப்பேன், ஆனால் தள்ளிவிட மாட்டேன். "அந்த ஊரு டேம் தண்ணிக்குள்ள போயிருச்சு சாமி" என்று அவர்கள் சொன்னால்தான் உண்டு. பவானிசாகர் அணைக்குள் போன டணாய்க்கன் கோட்டையை இன்றைய வரைபடத்தில் தேடினால் தண்ணீர்தான் தெரியும்.

இப்போது என் நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் நாலு கட்டம்: பிறந்த ஊர், குடியிருந்த ஊர், பூமி, கோயில். அப்பாருவின் அப்பாவுக்கு முதல் கட்டம் இன்னும் காலி. அவருடைய அம்மா எந்த ஊர்க்காரி என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.